கரண்டு போன சத்தம்

கேக்குதா. கேக்குது. இரு, மூச்சப் புடிச்சுட்டுப் பாரு, மூச்சுச் சத்தமா இருந்தாலும் இருக்கும். இல்ல, அதில்ல, கேக்குது. பாட்டு ஓடல, போனோட சேக்கவே இல்ல, வெளிய இருக்கற சத்தத்த அமுக்கற பட்டன மட்டும் போட்டுட்டு ரெண்டு காதையும் மூடி கட்டில் மேல சும்மா ஒக்காந்திருக்கறேன், அதுக்கே ஸ்ஸ்ஸ்னு. காஞ்ச தோசக்கல்லுல தண்ணி தெளிச்சா ஒரு சத்தம் வருமே, அதுல தண்ணியெல்லாம் போனதுக்கப்பறமும் கடைசியா ஒரு துளி போகாம நின்னு இழுக்கும், அந்த இழுப்பு மட்டும். முடியாம. மேலயும் போகாம கீழயும் எறங்காம. இந்த ஹெட்செட்ட நான் வாங்கினதே சத்தம் கேக்காம இருக்கறதுக்கு. பொட்டி மேல பெருசா எழுதியிருக்கான், உலகத்தோட இரைச்சலுக்கு விடை குடுங்கன்னு, ஒரு பொண்ணு கண்ண மூடிட்டு சிரிச்சுட்டிருக்கறா, அவளுக்கென்ன, அவ அட்டையில இருக்கறா. சத்தத்த அமுக்கற சாமானுக்குள்ளயே ஒரு சத்தம். கொசுவலைக்குள்ள கொசுவ வெச்சுத் தெச்சுக் குடுத்த மாதிரி இருக்குதுன்னு அந்தக் கஸ்டமர் கேர் ரோஷனுக்கு அப்பிடியே டைப் பண்ணி அனுப்பினேன். அவன் ரோஷனோ மிஷினோ தெரியல, உங்கள் சிரமத்துக்கு மனதார வருந்துகிறோம்ங்கறான். நீ வருந்தினா இது நிக்குமா. நின்னா நல்லா வருந்து, ஒக்காந்து அழு, நான் வேண்டாங்கல. அணைச்சுட்டு மறுபடி போடுங்க மேடம். போட்டாச்சு. முழுசா சார்ஜ் ஏத்துங்க. ஏத்தியாச்சு. சாப்ட்வேர அப்டேட் பண்ணுங்க, ரீசெட் பண்ணுங்க, வேற போன்ல சேத்திப் பாருங்க, பக்கத்துல வைஃபை பொட்டி இருந்தா தள்ளி வைங்க, காதுப் பஞ்சு சரியா ஒக்காந்திருக்குதான்னு பாருங்க, மைக் ஓட்டைய காஞ்ச துணியில தொடைங்க. எல்லாம் பண்ணியாச்சுடா, உன்ற கம்பெனிக்கே நான் வேலைக்கு வந்துடலாம், அத்தனையும் மனப்பாடம். அப்பத்தான் அவன் கேட்டான். அமைதியான ஒரு எடத்துல ஒக்காந்து டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா மேடம். நான் உடனே பதில் எழுதினேன், எங்கூர்ல அப்பிடி எடம் கெடையாதுங்க. நக்கலுக்கு எழுதல. கெடையாது.

எங்கூர்ல எப்பிடிக் கெடைக்கும். ஆத்துக்கு அந்தப்பக்கம் பவானி, இந்தப்பக்கம் நாங்க, பாலத்துல பஸ்சு ஏறி எறங்கறப்பவே தெரியும், மொதல்ல சத்தம் வரும், அப்பறந்தான் ஊரு வரும். வீட்டுக்கு வீடு தறி. முன்னாடி தறிப்பட்டறை, பின்னாடி சமையக்கட்டு, நடுவால ஒரு செவுரு, அதுவும் எங்கூட்டுல பாதிச் செவுருதான், மேல்பாதி வெறும் அட்டை. டக்கட டக்கட டக்கடன்னு நூலக் கொண்டு போற நாடா அந்தப்பக்கம் அடிச்சு இந்தப்பக்கம் அடிச்சு, நாலு தறியும் ஒரே தாளத்துல ஓடாது, ஒண்ணு முந்தும் ஒண்ணு பிந்தும், எல்லாங் கலந்து கடைசில ஒரு பெரிய மழை மாதிரி ஆயிரும். அதுக்குள்ளதான் நான் பொறந்தேன், அதுக்குள்ளதான் ஏ பி சி டி படிச்சேன், அதுக்குள்ளதான் அம்மா சோறு தின்ன வாடின்னு கத்தும், கத்தறது கூட இல்ல, வாயத் தெறந்து கைய வாய்க்குக் கொண்டு போகும், அதுதான் எங்கூர்ல கூப்புடறது. வெளியூருக்குப் போனா எங்காளுகளத் தனியாக் கண்டுபுடிச்சரலாம். பஸ்சுல பக்கத்துல ஒக்காந்திருக்கறவங்ககிட்ட மூணு சீட்டு தள்ளி இருக்கறவங்களுக்குப் பேசற மாதிரி பேசுவாங்க, மூஞ்சியப் பாக்காம ஒரு வார்த்த பேசமாட்டாங்க. மாசத்துக்கு ஒருக்கா கரண்டு ஆபீஸ்காரன் பராமரிப்புன்னு காலைலயே நிறுத்துவான், பொழுது சாயறப்பத்தான் விடுவான். அன்னிக்கு ஊரப் பாக்கோணும். ஒருத்தருக்கும் என்ன பண்றதுன்னு தெரியாது. தூங்கிட்டிருக்கற கொழந்தைக முழிச்சுட்டு அழுவும், சத்தம் வந்து முழிக்கறதில்ல, சத்தம் போயி முழிக்கறது. ஆம்பளைக வெளிய வந்து ரோட்டுல நின்னுட்டு வானத்தப் பாப்பாங்க, மழை வர்றாப்பல. இன்னிக்கு அந்த நாளு. நான் இதுக்காகவேதான் ஸ்டடி ஹாலிடேல காலேஜ் லைப்ரரிய விட்டுட்டு ஊருக்கு வந்து ஒக்காந்திருக்கறேன், அமைதியான எடத்துல டெஸ்ட் பண்ணிக் காட்டறேன்டா உனக்குன்னு. காலைல கரண்டு நின்னுது. மத்தியானம் சோறு தின்னாச்சு. இன்னும் டெஸ்ட் பண்ணல. இந்த பட்டன் போட்டுட்டு கேக்கறதெல்லாம் டெஸ்ட் இல்ல, அது எனக்கே தெரியும். ஹெட்செட்ட மொத்தமா அணைச்சுட்டு, வெறும் பஞ்சாக் காதுல வெச்சுட்டு, கேக்கோணும். அதுதான் டெஸ்ட். அணைக்கறதுக்கு வலது பக்கம் ஒரு சின்னப் பட்டன். வெரல் அங்கதான் இருக்குது. இருக்கட்டும்.

இதுல பயப்பட என்ன இருக்குது. நான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கறவ. கரண்டு ஓடற எந்தச் சாமானுக்குள்ளயும் இரைச்சல் இருக்கும், மொத செமஸ்டர்லயே சொல்லிக் குடுத்துட்டாங்க. இந்த ஹெட்செட்டு என்ன பண்ணுது, வெளிய ஒரு மைக்க வெச்சு ஊரு போடற சத்தத்தக் கேக்குது, அதுக்கு நேர் எதிரா ஒரு சத்தத்த உள்ள போடுது, ரெண்டும் மோதி ரெண்டும் செத்துப் போகுது. நல்ல வேலைதான். ஆனா அந்த மைக்குக்குன்னே ஒரு சத்தம் இருக்குமில்ல, அத யாரு அமுக்கறது. அதுதான் கேக்குது. இது தெரிஞ்ச விசயம், எத்தன பேரு எழுதியிருக்கறாங்க நெட்டுல. சரி அப்ப மொத ஹெட்செட்டு கேக்குதுன்னு சண்ட போட்டு மாத்தினயே, அது சர்வீஸ் சென்டருக்குப் போயி கோளாறு எதுவும் இல்லைன்னு எழுதி வந்துதே, அதுக்கு என்ன சொல்ற. அவனுக வேலை செய்யறதில்ல, டப்பாவத் தொறந்தே பாத்திருக்கமாட்டானுக. சரி, ரெண்டாவதா புதுசா வந்துதே இது, இதுலயும் அதே சத்தம், அதே மாதிரி, ஒரு நூலு கூட மாத்தமில்லாம. ஒரே பேக்டரில ஒரே நாள்ல செஞ்சதா இருக்கும். சரி, ஒத்த ஸ்டார் குடுத்து அந்தக் கம்பெனியோட ஏழு தலமொறையையும் இழுத்து ரிவ்யூ எழுதினயே, அதுக்குக் கீழ நெறையப் பேரு, எனக்கு அப்பிடி ஒண்ணும் கேக்கலயே, சுத்தமா இருக்குதேன்னு போட்டாங்களே. அவனுகளுக்குக் காது மந்தம்னு நானே பதில் போட்டேன். போட்டுட்டு ரொம்ப நேரம் அந்த வார்த்தையவே பாத்துட்டிருந்தேன். எதுக்குப் பாத்தேன். சும்மா பாத்தேன். சும்மா எதுக்குப் பாப்ப. நீ சும்மாயிரு. இந்த ரோஷன் வேற நடுவால நடுவால மேடம் லைன்ல இருக்கீங்களாங்கறான். இருக்கறேன். எங்க போகப் போறேன்.

மந்தம்ங்கற வார்த்த எங்கூட்டுல யாரும் சொல்றதில்ல. அப்பாவுக்குக் காது கேக்காதுன்னு ஒருநாளும் யாரும் சொன்னதில்ல, அவரு கவனிக்கமாட்டாருன்னுதான் அம்மா சொல்லும். போன் பண்ணினா அவரு எடுத்து, ஆங், ஆங், சாப்டயா, சரி அம்மாட்டக் குடுக்கறேன்னு குடுத்துருவாரு, நான் ரொம்ப நாளா அவருக்கு எங்கூடப் பேசப் புடிக்கலைன்னு நெனச்சேன். கொரோனா வந்தப்பத்தான் தெரிஞ்சுது. எல்லாரும் வாய மூடிட்டாங்க, துணியில. அவரு பேங்குல நிக்கறாரு, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அந்தப் பொம்பள மாஸ்க்குக்குள்ள என்னமோ சொல்லுது, இவரு சிரிக்கறாரு. மறுபடி சொல்லுது, மறுபடி சிரிக்கறாரு. யோவ் சொல்றது கேக்குதா இல்லயாய்யான்னு அது எந்திரிச்சே கத்திச்சு. நான் போயி அவருக்கும் சேத்து அந்தம்மாகூட சண்ட கட்டினேன், மேனேஜர் வந்து சமாதானம் பண்ற அளவுக்கு. ஆனா வெளிய வர்றப்ப அவரு மொகத்த நான் பாக்கல. அப்பறம் பள்ளிக்கூடத்துல காது கேம்ப் போட்டாங்க, இழுத்துட்டுப் போனேன். ரூமுக்குள்ள வெச்சு காதுல ஹெட்போன மாட்டி பீப் சத்தம் கேட்டா கையத் தூக்குங்கன்னாங்க, அவரு பக்கத்துல நின்ன நர்சோட கண்ணப் பாத்துட்டே தூக்கினாரு. டாக்டரு கேட்டாரு, காதுக்குள்ள இரைச்சல் ஏதாவது கேக்குதுங்களா பெரியவரே, சத்தமே இல்லாதப்பக் கூட. நான் அத அவரு மூஞ்சிக்கு நேரா திருப்பிச் சொன்னேன். அவரு யோசிச்சாரு. நெசமாலுமே யோசிச்சாரு. இல்லீங்க, அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லீங்கன்னாரு. நானும் இல்லீங்க டாக்டர்னேன். ஏன் இப்ப அது ஞாபகம் வருது. அத விடு. பிரமிளா ஞாபகம் ஏன் வருது. ஹாஸ்டல்ல என்ற ரூம்மேட்டு, கோத்தகிரிக்காரி. ஒருநா கரண்டு போச்சு, ஜெனரேட்டரும் படுத்துருச்சு, அவ ஜன்னலத் தொறந்து வெச்சுட்டு, அப்பாடா எங்கூராட்டமே இருக்குது, எவ்வளவு அமைதின்னா. நான் புஸ்தகத்துலருந்து தலையத் தூக்காம, எங்க அமைதி, அந்தச் சத்தந்தான் கேக்குதேன்னேன். என்ன சத்தம்னா. கரண்டு போன சத்தம்னேன். அவ சிரிச்சா பாரு, கட்டில்ல உருண்டு. கரண்டு போனா எப்பிடிடி தாரணி சத்தம் வரும், கரண்டு இருந்தாத்தான வரும். ஏன் வராது, எங்கூர்ல எல்லாருக்கும் கேக்கும், சின்னதுலருந்து கேட்டுட்டிருக்கறோம், ஒயருக்குள்ள மிச்சமிருக்கறது எறங்கற சத்தம் அது, உனக்கு மலைக் குளுருல காது வெறச்சுக் கெடக்குது, அதான் கேக்கலைன்னு விடாம பேசினேன். லைட்டு வர்றவரைக்கும் பேசினேன். நான்தான் ஜெயிச்சேன். நான் எப்பவும் ஜெயிச்சிருவேன். அவ, சரி தாயே உனக்குக் கேக்கட்டும்னுட்டு போத்திப் படுத்துட்டா. உனக்குக் கேக்கட்டும்.

அணைச்சுட்டேன். யோசிக்காம அணைச்சுட்டேன். பவர் ஆஃப்னு அந்த வெள்ளக்காரி உள்ள சொன்னா, சொல்லி முடிச்சுட்டுப் போயிட்டா. இப்ப இது வெறும் பிளாஸ்டிக்கும் பஞ்சும். இதுக்குள்ள மைக்கு கேக்கல, சர்க்யூட்டு ஓடல, ஒண்ணும் கெடையாது. ஸ்ஸ்ஸ். இல்ல, பாட்டரில மிச்சமிருக்கும். கெபாசிட்டர்ல கொஞ்சம் தங்கும், எறங்கிரும், இரு. இருக்கறேன். எறங்கல. கழட்டினேன். மடியில வெச்சேன். காத்து பட்டுது காதுல, வேர்வை குளுந்துது. ஸ்ஸ்ஸ். அப்ப வெளிய இருக்குது சத்தம், அவ்வளவுதான, ஹெட்செட்டுல இல்ல, நல்லதாப் போச்சு, வெளிய எங்கயோ. கேஸ். கண்டிப்பா கேஸ் தான், எந்திரிச்சு சமையக்கட்டுக்குப் போயி சிலிண்டர் வாய மோந்து பாத்தேன், குமிழத் திருகிப் பாத்தேன், மூடித்தான் இருக்குது. கொழாய். பாத்ரூமுல கொழாய இறுக்கினேன், சொட்டல. ஆறா இருக்கும், ஆத்துல தண்ணி விட்டிருப்பான் டேம்லருந்து, மொட்டமாடிக்கு ஏறினேன். வெயிலு மண்டையப் பொளக்குது. ஆறு தூரத்துல மணலாக் கெடக்குது. ஊரு மொத்தமும் அட்டைக் கூரையாத் தெரியுது, ஒண்ணுலருந்தும் ஒண்ணும் வரல, யாரோ கழுத்தப் புடிச்சு நிறுத்தின மாதிரி. அதுக்கு மேல, அது எல்லாத்துக்கும் மேல, இது. சமையக்கட்டுல இருந்த அளவுதான் மாடிலயும் இருக்குது. பக்கத்துல போனாக் கூடல, தள்ளிப் போனாக் கொறையல. நான் வடக்க பாத்தா வடக்க இருக்குது, திரும்பினா கூடவே திரும்புது. ஒரு நாயி பின்னால வந்தாக் கூட நின்னாத் தெரியும், அது நிக்கும், மோந்து பாக்கும், வேற பக்கம் போகும். இது எங்கயும் போகல. ரெண்டு காதுலயும் வெரல வெச்சு அமுக்கினேன், ஊருச் சத்தம்னா கொறஞ்சாகோணும், விதி அப்பிடி. கூடுச்சு. வெரல எடுக்காம நின்னேன். உள்ள ஒரு ரூமு இருந்து அதுக்குக் கதவச் சாத்தினா அதுவும் நானும் மட்டும் உள்ள இருக்கற மாதிரி. அதுக்கு மொகம் இருந்தாக் கூடப் பரவால்ல. ஒரு சொல்லு, ஒரு பேரு, ஒரு கோவம் இருந்தாக் கூட நான் பேசிப் பாத்திருவேன், யாரா இருந்தாலும் பேசி ஒரு வழி பண்ணியிருவேன். அதுக்கு என்னத் தெரியவே தெரியாது. எனக்கு இருவது வயசு. பாக்கெட்டுல போன் அதிருது. எடுத்துப் பாத்தேன், ரோஷன். சத்தம் இப்பவும் இருக்குதுங்களா மேடம். இருக்குதுன்னு அனுப்பினேன். கொஞ்ச நேரத்துல வந்துது, தங்களோட புகாரை ஏத்துக்கறோம், மறுபடியும் புது ஹெட்செட்டு அனுப்பறோம், பொறுமைக்கு நன்றி. ஜெயிச்சுட்டேன். பாரு, மறுபடியும் ஜெயிச்சுட்டேன்.

பட்டறைக்குள்ள எறங்கினேன். வெளிச்சத்துலருந்து வந்ததும் கண்ணு தெரியல, அப்பறம் மெதுவாத் தறிக தெரிஞ்சுது, இழை இழையா, நின்னபடி. ஓடறப்ப அதுகளப் பாத்தா எரிச்சல்தான் வரும். நின்னப்ப நான் சரியாப் பாத்ததே இல்ல போல. இழுத்துக் கட்டின நூலுக்குப் பின்னால அப்பா ஸ்டூலுல ஒக்காந்து பாவு நூலப் புணைச்சுட்டிருந்தாரு, கரண்டு இல்லாத நாளுக்குன்னே எடுத்து வெச்சிருக்கற வேலை அது, பழைய பாவோட நுனியும் புதுப் பாவோட நுனியும் ஒண்ணொண்ணா எடுத்து, சாம்பலத் தொட்டு, வெரலுக்கு நடுவால ஒரு முறுக்கு. அம்மா வாசப்படில ஒக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சுட்டிருந்துச்சு. பக்கத்தூட்டு பாவாயக்கா அழுவற பேத்தியத் தோளுல போட்டுத் தட்டிட்டே உள்ள வந்துது, கரண்டு இல்லீனா அது எங்கூட்டுக்குத்தான் வரும், அம்மாவும் அதும் வாயாடறதுக்கு. நான் அப்பாவுக்கு நேரா போயி நின்னேன், வாய் தெரியற மாதிரி.

"அப்பா, இப்ப உங்களுக்கு ஏதாச்சும் சத்தம் கேக்குதுங்களா?"

அவரு என்ற ஒதட்டப் பாத்தாரு. "இப்பவா? இப்ப என்ன சத்தம். கரண்டு போன சத்தந்தான்."

"அது எப்பிடிங்ப்பா இருக்கும்?"

"எப்பிடி இருக்கும்னா? கரண்டு போனா எல்லாருக்கும் கேக்கறதுதான அம்மிணி. என்னமோ அசலூருக்காரியாட்டக் கேக்கற."

"இல்லீங்ப்பா. எப்பிடி இருக்கும்னு சொல்லுங்க."

அவரு சாம்பல் வெரல அந்தரத்துல நிறுத்திட்டு கேட்டாரு. கேட்டாருங்கறது, தலையச் சாச்சுட்டு. "தூரத்துல ரைஸ் மில்லு ஓடறாப்பல. உம்முனு."

"உம்முனா?" அம்மா வெங்காயத்த விட்டுட்டு திரும்பிச்சு. "என்னங்க பேசறீங்க, உம்முனு எங்க கேக்குது. கீச்சுனு இருக்கும்டி. குக்கரு விசிலடிக்கறதுக்கு முந்தி ஒரு இழுப்பு இழுக்குமே, அதாட்ட."

"உனக்கு எல்லாமே குக்கரு."

"ஆமா, காலைல பால்காரன் தொண்ட கிழியக் கத்தினது யாருக்குக் கேட்டுது, எனக்கா உங்களுக்கா?"

"ரெண்டு பேரும் பொய்யி," பாவாயக்கா பேத்திய அந்தத் தோளுக்கு மாத்திச்சு. "சில்வண்டு. மழ விட்டதும் காட்டுல கத்துமே, அது. எங்கூட்டு மனுசன் கோயில் மணி அடிச்சு ஓயறாப்பலன்னு சொல்லுவான், அவன் பேச்ச விடு, அவன் குடிச்சா சாமியவே பாத்தேம்பான்."

"சில்வண்டாமா." அம்மா பாவாயக்கா பக்கம் திரும்பிச்சு. "ஏனுங்க்கா, கீச்சுனு உங்களுக்குக் கேக்கவே இல்லீங்களா?"

"இல்ல மல்லிகா, சத்தியமா சில்வண்டு."

அவங்க விட்டுக் குடுக்கல. அப்பா மில்லுன்னே நின்னாரு, அம்மா அவரு தோளத் தட்டித் தட்டி கைய ஆட்டிக் கீச்சுங்குது, பாவாயக்கா சிரிச்சுட்டே சில்வண்டு சில்வண்டுங்குது. நல்லா இருந்துது பாக்கறதுக்கு, நோம்பிக்கு வந்த ஒறம்பரைச் சனமாட்ட. வெளிய ஒரு சத்தம் இருந்தா அது ஒரு சத்தமாத்தான இருக்கோணும். ஒரே பட்டறை, ஒரே மத்தியானம், ஆளுக்கொண்ணு கேக்குது. ஒயருல மிச்சம் ஒண்ணும் இல்ல. ஆளுக்கொண்ணு உள்ள வெச்சிருக்கறாங்க. காது கேம்ப்புல அவரு பொய் சொல்லல, டாக்டரு கேட்டது காதுக்குள்ள, இவரு இத்தன வருசமா அது ஊருக்குள்ள கேக்குதுன்னு நெனச்சுட்டிருக்கறாரு. ஊரே நெனச்சுட்டிருக்குது. பாவாயக்கா புருசன் சொன்னதும் குடிகாரன் பேச்சாப் போச்சு, வேற ஒருத்தனாச்சும் வாயத் தொறந்து இன்னொருத்தன் கிட்ட உனக்கு எப்பிடிக் கேக்குதுன்னு கேட்டானா. கேக்கமாட்டான், எல்லாருக்கும் கேக்கறத எதுக்குக் கேக்கோணும். பேத்தி வீரிட்டுட்டே இருந்துச்சு.

"இதுக்குத்தான் ஒண்ணுமே கேக்கமாட்டீங்குதாட்ட இருக்குது," பாவாயக்கா அதோட முதுகத் தடவிச்சு. "அதான் பயந்துட்டுக் கத்துது. போகப் போகப் பழகீரும்."

"அது கரண்டு சத்தமில்லீங்க," நான் சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். "அப்பிடி ஒரு சத்தமே கெடையாது. நம்ம காது கெட்டுப் போன சத்தம் அது. காதுக்குள்ள இழை இழையா இருக்குது, தறிச் சத்தத்துல அறுந்து போகுது, அறுந்த எடத்துலருந்துதான் இப்பிடிக் கேக்குது. இதையெல்லாம் புணைக்க முடியாது. ஒருக்கா போனாப் போனதுதான்."

அம்மா என்னையே பாத்துச்சு. அப்பறம் சிரிச்சுது. "ஊருக்கே கேக்கறது எப்பிடிடி சீக்காகும்? அப்ப ஊரே சீக்கா?"

"ஆமா."

"படிச்சவளப் பாருங்க்கா. கரண்டு போனதுக்கும் வியாதி கண்டுபுடிச்சுட்டா. பரிச்சைக்குப் படிடின்னா ஊருக்கு வைத்தியம் பாக்கறா."

எனக்கு வாயில வரிசையா நிக்குது, டெசிபல்லு, நரம்பு, நெட்டுல படிச்சது, இந்தப் பாதிச் செவுரு, காதுல பஞ்சு வெய்யுங்கன்னு நான் சொன்னப்பல்லாம் தறில இழை அறுந்தாத் தெரியாதுன்னு அப்பா சொன்ன பதிலு, எல்லாம். ஒவ்வொண்ணா எடுத்து அடிச்சா இவங்களால ஒரு நிமிசம் தாக்குப் புடிக்க முடியாது. ஆனா அப்பா இன்னும் என்ற வாயவே பாத்துட்டிருந்தாரு. நான் பேசி முடிச்சதுக்கப்பறமும் பாத்துட்டிருந்தாரு, வார்த்த எல்லாம் வந்து சேர அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும். சேந்துது. எவ்வளவு சேந்துதுன்னு எனக்குத் தெரியல. அவரு ஸ்டூல என்ற பக்கமா நகத்திப் போட்டுட்டு, பட்டறையில யாரும் பேசி நான் கேக்காத ஒரு சின்னக் கொரல்ல கேட்டாரு.

"உனக்கும் கேக்குதா?"

இல்லைன்னு சொல்லியிருக்கலாம். மூஞ்சியத் திருப்பிட்டு சொல்லியிருந்தா அவருக்கு என்ன சொன்னேன்னே தெரிஞ்சிருக்காது.

"கேக்குதுங்ப்பா."

"எந்தப் பக்கம் சாஸ்தி?"

நான் தலையச் சாச்சேன், அவராட்டவே, அப்பிடிச் சாச்சது சாச்சதுக்கப்பறந்தான் எனக்குத் தெரிஞ்சுது. இத்தன நாளும் அதத் தொரத்தினேன், அமுக்கினேன், திட்டினேன், எந்தப் பக்கம்னு கேட்டதே இல்ல.

"வலது பக்கம்."

"அப்பிடித்தான்," அப்பா சொன்னாரு. சாம்பல் வெரலால தன்னோட வலது காத ஒருக்காத் தொட்டாரு, வெள்ளையா ஒட்டுச்சு. பொறந்த கொழந்தையக் கையில வாங்கி மூக்கு அப்பிடியே என்னாட்டன்னு சொல்ற மாதிரி ஒரு மொகம், சந்தோசமா, கொஞ்சம் கூச்சமா. "எனக்கும் மொதல்ல வலதுலதான் வந்துது. உன்ற வயசுலதான்."

அப்பறம் ஸ்டூல இழுத்துப் போட்டுட்டு அடுத்த நுனியத் தேடினாரு.